பனியனில் எழுதிய துக்கம்

(உடுமலைப்பேட்டையில் வாசகர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



'ஊரடங்கில் வாசிப்பும் எழுத்தும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள், அந்த நாட்களில் தாங்கள் படித்து முடித்த தடித்தடி நாவல்களின் பட்டியலை வாசிப்பது வழக்கம். எனக்கு அந்தப் பட்டியல்கள் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. 2020 மார்ச்சில் வீட்டுக்குள் அடைபட்டவர்களில் பெரும்பாலோர் புத்தகத்தைத் தொடவே இல்லை. தொட்டவர்களும் நாலு பக்கம் புரட்டுவதற்குள் போனை எடுத்து, இன்றைக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்று பார்த்தார்கள். மனசு நிலைகொள்ளாத காலத்தில் படிக்க முடியாமல் போனதில் குற்றம் எதுவும் இல்லை. அதனால் இங்கே யாரும் தலை குனிய வேண்டாம்.

நான் வேறு ஆட்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஊர் ஒரு கண்டத்தில், தான் அடைபட்ட அறை இன்னொரு கண்டத்தில் என்று அந்த மாதங்களைக் கழித்த நைஜீரியர்களைப் பற்றி. உடுமலையில் உட்கார்ந்துகொண்டு நைஜீரியர்களைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று யாராவது முணுமுணுத்தால், இங்கிருந்து பஸ் ஏறித் திருப்பூர் ரயில் நிலையத்துப் பக்கம் காதர்பேட்டைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்பேன்.

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏற்றுமதி ஆர்டர் வந்தால் கேட்ட எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகத்தான் துணி வெட்டுவோம். தையலில் சேதாரம் வரும், ஊசி ஓட்டை விழும், எண்ணெய்க் கறை படும், சாயத்தில் ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் நிறம் ஒத்துப் போகாது. செக்கிங்கில் கழித்தது செகண்ட்ஸ். அனுப்பியது போக மிஞ்சியது ஸ்டாக் லாட். பையர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டால் முழு ஆர்டரும் ஸ்டாக் லாட். இவையெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் காதர்பேட்டை. அங்கே கட்டுக் கட்டாக வாங்கி, பேல் போட்டு, தூத்துக்குடி வழியாகவோ விமான கார்கோவிலோ லாகோசுக்கு அனுப்புகிறவர்களில் பலர் நைஜீரியர்கள். அவர்களில் இக்போ இனத்தவர் அதிகம். லாகோசின் பலோகுன் சந்தையிலும், கிழக்கே ஒனிச்சா, ஆபா சந்தைகளிலும் அந்தச் சரக்கு பிரிந்து போகும்.

அவர்கள் இங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லாமல் தாண்டிப் போகக் கூடாது. வாடகைக்கு வீடு கேட்டால் "இல்லை" என்று சொல்லும் வீடுகளே மிகுதி. கொடுத்தவர்கள் ஊர் வாடகைக்கு மேல் வாங்கினார்கள். உள்ளூர் வியாபாரிகளோடு போட்டி, உரசல். விசா தேதி முடிந்தவரைத் தேடிப் போலீஸ் வந்தால், முடியாதவரும் கதவைச் சாத்திக்கொள்வார். 'பிரதர்' என்று அவர்களும் கூப்பிடுவார்கள், நாமும் கூப்பிடுவோம். அந்தப் 'பிரதர்' சரக்கு விலை பேசி முடிக்கும் வரைக்கும்தான்.

ஒரு ஒற்றுமையைச் சொல்கிறேன். இக்போ வியாபாரிகளிடம் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஒரு பையனை ஒரு முதலாளியிடம் கொண்டு விடுவார்கள். சில வருடங்கள் அவன் அவர் கடையிலேயே கிடந்து, வேலை செய்து, தொழில் கற்பான். காலம் முடிந்ததும் அந்த முதலாளியே கைமுதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துவிடுவார். நம் திருப்பூரில் கைமடித்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, டெய்லராகி, கடனில் நாலு பவர் டேபிள் வாங்கிப் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்து, முதலாளியானவர்கள் எத்தனை பேர்? ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் 'ஃபிராட்டர்னல் கேப்பிட்டல்' என்று நம் ஊர் பனியன் முதலாளிகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். தோட்டத்தில் உழைத்தவர்கள் அந்த உழைப்பையே மூலதனமாக்கிக்கொண்ட கதை அது. காதர்பேட்டையில் பேரம் பேசிய இருவருமே ஒரே விதமாக மேலே வந்தவர்கள். ஆனாலும் ஒருவர் கதையை இன்னொருவர் கேட்டதில்லை.

இனி அந்த மார்ச் மாதத்துக்கு வருவோம். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. வெளிநாட்டு விமானங்கள் இந்தியாவில் இறங்குவதும் அந்தத் தேதியோடு நின்றது. மறுநாள் நைஜீரியாவும் தன் பன்னாட்டு விமான நிலையங்களை மூடியது. 24ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவில் நாடே மூடியது. 30ஆம் தேதி லாகோசும் அபுஜாவும் மூடின. இரண்டு பக்கக் கதவும் பத்து நாளுக்குள் சாத்தப்பட்டன.

நம் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் அறைகளில் அடைபட்டார்கள். மே மாதம் ஷ்ரமிக் ரயில் விட்ட பிறகு கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஐரோப்பிய, அமெரிக்கப் பையர்கள் ஆர்டர்களை ரத்து செய்தார்கள். கம்பெனிகளில் தைத்து முடித்த சரக்கு மலையாகக் குவிந்தது. இதில் ஒரு விநோதம் இருக்கிறது. ரத்தான சரக்கை வாங்குவதற்கென்றே வாழ்கிற வியாபாரி அதே ஊரில், நாலு தெரு தள்ளி, ஓர் அறைக்குள் உட்கார்ந்திருந்தார். வாங்கினாலும் அனுப்பக் கப்பல் இல்லை. அனுப்பினாலும் விற்க அங்கே சந்தை திறக்கவில்லை. கையில் இருந்த பணம் சரக்குப் பணம், சாப்பாட்டுப் பணமாகக் கரைந்துகொண்டிருந்தது.

ஒடிசாக்காரருக்கு ரயில் விட்டார்கள். இவருக்கு விமானம் இல்லை. ரேஷன் அட்டை வைத்திருந்த நமக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் வந்தன. இவரிடம் இருந்தது பாஸ்போர்ட். மத்திய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும்: சிக்கிக்கொண்ட வெளிநாட்டவரின் விசாவைக் கட்டணம் இல்லாமல் நீட்டித்துக் கொடுத்தது. ஆனால் அதற்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தெருவில் இறங்கவே தயங்குகிறவர், அறையில் இன்டர்நெட் ரீசார்ஜ் தீர்ந்துபோனவர், என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருந்தவன். எனக்குப் பழக்கமான ஒரு நைஜீரிய வியாபாரி உண்டு. ஆபாவைச் சேர்ந்தவர். பெயர் வேண்டாம். அந்த மாதங்களில் போனில்தான் பேசிக்கொண்டோம். "என்ன படிக்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன், படிக்கிறவன் எல்லோரிடமும் கேட்கிற அசட்டுக் கேள்வி. சங்கீதப் புத்தகம் என்றார். பைபிளில் வரும் சங்கீதங்கள். போனில்தான் படித்தார். "எழுதுறீங்களா?" என்றேன். கணக்கு நோட்டில் எழுதுவதாகச் சொன்னார். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த பேல் எந்தக் குடோனில் கிடக்கிறது என்ற அதே நோட்டில், கடைசிப் பக்கத்தில் இருந்து பின்னோக்கி, மகளுக்குச் சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு, இரவில் அதைப் பார்த்துப் பார்த்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புவாராம். நேரடியாகப் பேசினால் குரல் உடைந்துவிடும், எழுதிப் படித்தால் உடையாது என்றார்.

எழுத்தைப் பற்றி எத்தனையோ பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதை விடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவரை யாரும் தெருவை விட்டுத் துரத்தவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே ஏப்ரலில் சீனத்தின் குவாங்சோ நகரில் என்ன நடந்தது என்று உலகமே பார்த்தது. அதுவும் துணிச் சந்தை ஊர். காதர்பேட்டையை விடப் பல மடங்கு பெரியது. ஆப்பிரிக்க வியாபாரிகள், அதில் நைஜீரியர்கள் நிறைய, நோய் பரப்புகிறவர்கள் என்ற சந்தேகத்தில் வாடகை வீடுகளில் இருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஹோட்டல்கள் இடம் தரவில்லை. மூட்டை முடிச்சோடு நடைபாதையில் படுத்தார்கள். பீஜிங்கில் இருந்த ஆப்பிரிக்கத் தூதர்கள் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். நைஜீரிய நாடாளுமன்ற சபாநாயகர் சீனத் தூதரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். அப்படி ஒன்றும் என் நண்பர் இருந்த தெருவில் நடக்கவில்லை. ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்ட ஆளும் இல்லை. கீழ்வீட்டு அம்மா ஒருவர் மட்டும் சில நாட்கள் ஒரு பாத்திரத்தில் சோறு வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவாராம். குவாங்சோ அளவுக்கு மோசமில்லை என்று நாம் நம் முதுகில் தட்டிக்கொள்ள இது போதாது.

இப்போது அதே நாட்களில் கடல் கடந்து வேறிடத்தில் அடைபட்டிருந்த இன்னொரு நைஜீரியரிடம் போகலாம். சிமமாண்டா இங்கோஸி அடிச்சி. உலகம் அறிந்த நாவலாசிரியை, இவரும் இக்போ. 1977இல் பிறந்தவர். என்சுக்கா பல்கலைக்கழக வளாகத்தில், ஒரு காலத்தில் நாவலாசிரியர் சினுவா ஆச்சிபி குடியிருந்த வீட்டில் வளர்ந்தவர். தந்தை ஜேம்ஸ் அடிச்சி, நைஜீரியாவின் முதல் புள்ளியியல் பேராசிரியர். அம்மா கிரேஸ், அதே பல்கலைக்கழகத்தில் பதிவாளராக இருந்தவர்.

ஊரடங்கில் மகள் அமெரிக்காவில் இருந்தார். பெற்றோர் அனம்பிரா மாநிலத்துச் சொந்தக் கிராமத்தில். பிள்ளைகள் ஆறு பேரும் லாகோசிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலுமாகச் சிதறிக் கிடந்தார்கள். ஞாயிறுதோறும் ஜூமில் கூடுவார்கள். இங்கிலாந்தில் இருந்த சகோதரர்தான் கூட்டத்தைத் தொடங்கி வைப்பார். ஊர்ப் பக்கம் இணைப்பு கரகரக்கும், அறுந்து அறுந்து வரும். நம் வீடுகளிலும் அப்படித்தானே நடந்தது? பேரப்பிள்ளை போனைப் பிடிக்க, தாத்தாவின் நெற்றி மட்டும் திரையில் தெரிய, "கேக்குதா, கேக்குதா" என்று பாதி நேரம் கழிந்தது. ஜூன் 7, ஞாயிறு, அவர்கள் அப்பாவைத் திரையில் பார்த்தார்கள். ஜூன் 10 அவர் போய்விட்டார். 88 வயது. கொரோனா இல்லை, சிறுநீரகக் கோளாறு.

மகளால் போக முடியவில்லை. நைஜீரிய விமான நிலையங்கள் மூடியிருந்தன. இக்போ மக்களுக்கு இறுதிச் சடங்கு என்பது ஊரே கூடிச் செய்கிற காரியம், அவசரமாக முடிக்கிற விஷயம் இல்லை. விமானம் எப்போது பறக்கும் என்று தெரியாமல் தேதி குறிப்பதும் மாற்றுவதுமாக மாதங்கள் போயின. செப்டம்பர் 5இல்தான் பன்னாட்டு விமானங்கள் அங்கே மறுபடி பறந்தன. அக்டோபர் 9 அன்று அடக்கம் நடந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 1, தந்தையின் பிறந்த நாளன்றே, தாயும் இறந்தார்.

தந்தை இறந்ததற்கும் அடக்கத்துக்கும் நடுவில் அடிச்சி எழுதியதுதான் 'நோட்ஸ் ஆன் கிரீஃப்'. 2020 செப்டம்பரில் 'நியூயார்க்கர்' இதழில் கட்டுரையாக வந்தது, 2021 மேயில் சிறு நூலானது. பெரிய நாவல்கள் எழுதிய கைக்கு அப்போது துண்டு துண்டாகத்தான் எழுத வந்திருக்கிறது. அந்த நூலின் பலமே அதுதான் என்பது என் கட்சி. துக்கத்தைத் தொடர்ச்சியாக எழுத முடிந்தவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

அதில் ஒரு செய்தி வருகிறது. நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை நடந்த பயாஃப்ரா உள்நாட்டுப் போரில் அவருடைய தந்தையின் புத்தகங்கள் அத்தனையையும் நைஜீரியப் படைவீரர்கள் வீட்டு முற்றத்தில் போட்டு எரித்துவிட்டார்கள். ரோஜாச் செடி வைத்திருந்த இடத்தில் கருகிய தாள் மேடு. அமெரிக்காவில் இருந்த அவருடைய சக பேராசிரியர்கள் புத்தகங்களை அனுப்பி வைத்தார்கள். வைப்பதற்கு அலமாரியும் சேர்த்து அனுப்பினார்கள். புள்ளியியல் புத்தகங்கள்தான். ஆனால் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை அறிந்த தமிழர்களுக்கு இந்த முற்றம் புதிய இடம் இல்லை.

நான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தது வேறு ஒன்றைச் சொல்ல. அப்பாவிடம் போக முடியாமல் அறைக்குள் அடைபட்ட அந்த நாட்களில் அடிச்சி என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? டி-ஷர்ட் வடிவமைத்துக்கொண்டிருந்தார். ஆமாம், பனியன்தான். எந்த எழுத்துரு, எந்த நிறம், எந்தப் படம் என்று மணிக்கணக்காக மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். சிலவற்றில் தந்தையின் பெயரின் முதலெழுத்துகள். சிலவற்றில், தன் தகப்பனைக் கொண்டு பிறந்த மகள் என்று பொருள் தரும் இக்போச் சொற்கள். கட்டுரை எழுதிய அதே கை, சொல் வராத நேரத்தில் பனியன் மேல் எழுதியது.

நைஜீரியாவில் இது புதிதில்லை. சாவு வீட்டுக்காரர்கள் ஒரே துணியில் உடுத்துவதும், இறந்தவரின் படமும் பெயரும் பிறந்த, இறந்த தேதியும் அச்சிட்ட டி-ஷர்ட்டை உறவினர் அணிவதும் அங்கே வழக்கம். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் பிளக்ஸ் பேனரும் சுவரில் நிற்கின்றன. அவர்கள் அதை உடம்பில் போட்டுக்கொள்கிறார்கள்.

அப்படி அச்சடிக்க வெற்று டி-ஷர்ட் வேண்டும். அது எங்கிருந்தெல்லாம் போகிறது? சீனத்தில் இருந்து போகும், பங்களாதேஷில் இருந்து போகும், நம் காதர்பேட்டையில் இருந்தும் போகும். இங்கே முன்வரிசையில் இருக்கும் அக்கா ஓவர்லாக் அடித்த ஒரு பீஸ், ஒனிச்சாவில் யாரோ ஒருவரின் அப்பா பெயரைச் சுமந்துகொண்டு ஒரு சவ ஊர்வலத்தில் நடந்திருக்கலாம். நமக்கு அது பீஸ் ரேட். இத்தனை டஜனுக்கு இத்தனை ரூபாய். செக்கிங்கில் கழித்த பீஸ் என்றால் கிலோ கணக்கு. நாம் எழுதாத தாளைத் தைத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறோம், அதில் என்ன எழுதப்படுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

டேஜு கோல் என்ற இன்னொரு எழுத்தாளரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பிறந்து, லாகோசில் வளர்ந்து, 17 வயதில் மறுபடி அமெரிக்கா போனவர். எழுத்தோடு ஒளிப்படமும் எடுப்பவர். 2020 இலையுதிர் காலத்தில், அமெரிக்கத் தேர்தலுக்கு முந்தைய ஐந்து வாரங்கள், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தன் வீட்டுச் சமையல் மேடையைப் படம் எடுத்தார். ஊர் சுற்றிப் படம் எடுத்தவருக்கு ஊர் சுற்ற வழியில்லை, சமையல் மேடைதான் மிச்சம். கழுவாத பாத்திரம், கரண்டி, கிண்ணம், சீவிப்போட்ட தோல். அடுத்த ஆண்டு 'கோல்டன் ஆப்பிள் ஆஃப் தி சன்' என்று அது நூலாக வந்தது. படங்களுக்கு நடுவே பதினெட்டாம் நூற்றாண்டுச் சமையல் குறிப்பேடு ஒன்றின் கையெழுத்துப் பக்கங்கள். கூடவே ஒரு நீண்ட கட்டுரை. பசி, நோன்பு, அடிமை வாழ்க்கை, விடுதிப் பள்ளியில் சாப்பாட்டுக்காகப் பட்ட பாடு என்று அது போகிறது. ஊரடங்கில் நம் வீட்டு ஆண்கள் சிலர் முதல் முறையாகச் சமையல்கட்டுக்குள் போய், டல்கோனா காபி அடித்துப் படம் போட்டார்களே, அதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மேடையைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டே இருந்த நம் வீட்டுப் பெண்கள் அதைப் பற்றி என்ன எழுதியிருப்பார்கள், எழுத நேரம் கிடைத்திருந்தால்? ஊரடங்கில் அவர்களுக்கு வேலை கூடியதே தவிர நேரம் கூடவில்லை.

சிலர் ஊரடங்கைச் சிறை என்றார்கள். நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்காவுக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வராது. பயாஃப்ராப் போர் நாட்களில் சுமார் 22 மாதம் சிறையில், அதிலும் பெரும்பகுதி தனிமைக் கொட்டடியில் இருந்தவர். கிடைத்த புத்தகத்தின் வரிகளுக்கு நடுவிலும், சிகரெட் அட்டையிலும், கழிப்பறைத் தாளிலும் எழுதினார். இலக்கிய நோபல் வாங்கிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர், 1986இல். 1973க்குப் பிறகு நாவலே எழுதாதவர், உலகமே அடங்கிக் கிடந்த 2020இன் முடிவில் மூன்றாவது நாவலைக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 86.

இந்த மூவரும் எழுதினார்கள், உலகம் படித்தது. அவர்களுக்கு மேசை இருந்தது, பதிப்பாளர் இருந்தார், ஆங்கிலம் இருந்தது. காதர்பேட்டை நண்பருக்கு இருந்தது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். அவருக்கு எழுத்து மரபு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சரக்கு போய்ச் சேரும் ஒனிச்சா, நைஜர் ஆற்றங்கரையில் உள்ள பெருஞ்சந்தை. 1940களின் கடைசியில் தொடங்கி 60கள் வரை அந்தச் சந்தையில் மலிவு விலைச் சிறு புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் விற்றன. பள்ளி ஆசிரியர், குமாஸ்தா, கடைப் பையன் என்று சந்தையைச் சுற்றி இருந்தவர்களே எழுதியவை. காதல் கதை, காசு சேர்க்கும் வழி, கடிதம் எழுதும் முறை, ஏமாறாமல் இருக்கப் புத்திமதி. அச்சகம் அங்கேயே, கடை அங்கேயே. 'ஒனிச்சா சந்தை இலக்கியம்' என்று பல்கலைக்கழகங்கள் இன்று ஆராய்கின்றன. பயாஃப்ராப் போரில் சந்தை நாசமானது, அந்த எழுத்தும் அடங்கியது.

நமக்கும் இப்படி ஒன்று இருந்தது. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். ரயில் கவிழ்ந்தால் சிந்து, வெள்ளம் வந்தால் கும்மி, பஞ்சம் வந்தால் ஒப்பாரி. படித்தவர்கள் அவற்றைக் குப்பை என்றார்கள். இன்று பழைய பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் சாதாரண ஆள் எப்படிப் பட்டார் என்று அறிய வேண்டுமானால் அந்தக் குப்பையைத்தான் கிளற வேண்டியிருக்கிறது. பாட்டெழுதிப் பிழைத்து, ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சுமந்த நாராயணகவியின் உடுமலையில் இதை விளக்கத் தேவையில்லை.

கொங்கு நாட்டில் நூறு வருடங்களுக்கு முன் பிளேக் வந்தது. ஊரைக் காலி செய்துவிட்டுத் தோட்டத்தில் குடிசை போட்டு இருந்த கதையைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்த நோயின் நினைவு கோவை வட்டாரத்தில் பிளேக் மாரியம்மன் கோயில்களாக நிற்கிறது. கொரோனாவுக்கும் இருகூர்ப் பக்கம் ஒரு சிலை வைத்துப் பூசை நடத்தினார்கள். கும்பிடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அம்மனிடம் போய், அந்தக் குடிசையில் என்ன சாப்பிட்டார்கள், யார் யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, எந்தத் தெருக்காரரை ஊருக்குள் விடவில்லை என்று கேட்டால் பதில் வராது. பதில் எழுத்தில் இருந்தால்தான் உண்டு. 2020ஐயும் அப்படியே விட்டுவிட்டால் நம் பேரப்பிள்ளைகளுக்குச் சிலை மட்டும் மிஞ்சும்.

நைஜீரியாவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் யார் என்று பாருங்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கையில் இருந்து ஆசிரியர்கள் பலர் வேலைக்கு நைஜீரியா போனார்கள். அவர்களில் ஒருவர் என்.கே. மகாலிங்கம். ஆச்சிபியின் முதல் நாவலைச் 'சிதைவுகள்' என்று தமிழாக்கியவர் அவர்தான். அயலூரில் பாடம் நடத்தப் போன ஆள், அந்த ஊரின் கதையைச் சுமந்து வந்து நமக்குக் கொடுத்தார். நம்மிடம் அவர்கள் வந்திருக்கிறார்கள், வருடக்கணக்காக. நாம் என்ன எடுத்துக்கொண்டோம்? சரக்குப் பணத்தை எடுத்துக்கொண்டோம்.

என் நண்பர் கடைசியில் ஊர் போய்ச் சேர்ந்தார். இந்தியாவின் வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் முழுமையாகத் தொடங்க 2022 மார்ச் 27 வரை ஆனது. அதற்கு முன்பே, நாடுகளுக்கு நடுவில் பேசி வைத்த தனி ஏற்பாட்டு விமானம் ஒன்றில் இடம் கிடைத்துப் போனார். அந்தக் கணக்கு நோட்டைக் கொண்டுபோனாரா என்று கேட்டேன். மகள் அதை வாங்கி வைத்துக்கொண்டாளாம். தனக்கு எழுதிய பக்கங்களை விட, முன்பக்கத்துக் கடன் கணக்கைத்தான் அவள் ஆர்வமாகப் படித்தாளாம். சரியான வியாபாரி மகள்.

இந்த அரங்கில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உடுமலையில் இருந்து தபாலில் தமிழ்நாடு முழுக்கப் புத்தகம் போகிறது. வெளிநாட்டுத் தமிழர்கள்கூட இந்த ஊரின் பெயரை இணையப் புத்தகக் கடையின் பெயராகத்தான் முதலில் அறிகிறார்கள். படிக்கிற ஊர் என்ற பெயர் நமக்கு இருக்கிறது. எழுதி வைக்கிற ஊர் என்ற பெயரையும் சேர்த்துக்கொள்வோம். நூலகத்தில் ஒரு அலமாரித் தட்டு ஒதுக்கினால் போதும். 2020, 2021இல் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. சம்பளம் எத்தனை வாரம் வரவில்லை, வாடகைக்கு என்ன செய்தீர்கள், நகை எங்கே அடகு போனது, மில் விடுதியில் அடைபட்ட பிள்ளைகள் எப்போது வீடு வந்தார்கள், சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றபோது யாரை வர வேண்டாம் என்று சொன்னீர்கள் என்று அப்படியே எழுதுங்கள். வேனில் உங்கள் பக்கத்து இருக்கையில் வருகிற ஒடிசாப் பெண்ணைக் கேளுங்கள். அவர் ஒடியாவிலேயே சொல்லட்டும், போனில் பதிந்துகொள்ளுங்கள், மொழிபெயர்ப்பவர் பிறகு கிடைப்பார். காதர்பேட்டைக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள், விலை பேசி முடித்த பிறகும் ஒரு டீ நேரம் அங்கே நில்லுங்கள். அந்த வருடம் எங்கே இருந்தாய், யார் சோறு போட்டார்கள் என்று அந்தப் 'பிரதரிடம்' கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பக்கமாவது கொண்டு வாருங்கள். பின்வரிசை மாணவியர் வீட்டில் அம்மாவைச் சொல்லச் சொல்லி எழுதி வந்தால் இன்னும் நல்லது. வாங்கி வைக்க நான் இங்கே இருப்பேன்.